இரண்டு பூஜ்யங்கள்

கோவையிலோ ஒசூரிலோ அம்பத்தூரிலோ ஒரு பட்டறை. காலை ஷிஃப்டுக்கு வந்த ஆபரேட்டர் மில்லிங் இயந்திரத்தின் மெயின் ஸ்விட்சைத் திருப்புகிறார். விசிறிகள் சுழல்கின்றன, திரை விழிக்கிறது. கணினி இயக்கும் சிஎன்சி இது; சற்றுப் பழைய மாடல் என்றால் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் நேரே 0.000 என்று காட்டும். மூன்றும் பொய். மேசை நேற்றிரவு எங்கே நிறுத்தப்பட்டதோ அங்கேயேதான் இருக்கிறது. அது ஒரு கோடியிலிருந்து 300 மி.மீ. தள்ளி நிற்கலாம், 30 மி.மீ. தள்ளியும் நிற்கலாம். கணினிக்கு அது தெரியாது. தெரியாததால்தான் பூஜ்யம் என்கிறது.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது ஒரு மைக்ரானை, எண்ணி நகரும் இயந்திரத்துக்குத் தான் நிற்கும் இடம் தெரியாது என்றால் முதலில் நம்பச் சிரமமாக இருக்கும். அது எப்படி எண்ணுகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். மேசையை இழுப்பது பால் ஸ்குரூ என்னும் நீண்ட திருகுத்தண்டு. அதை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மேசை 10 மி.மீ. நகரும் என்று வைத்துக்கொள்வோம். தண்டைச் சுற்றும் சர்வோ மோட்டாரின் பின்புறத்தில் என்கோடர் இருக்கிறது. உள்ளே நுண்கோடுகள் பொறித்த வட்டத் தட்டு. அதன் ஒருபுறம் ஒளி, மறுபுறம் ஒளியுணரி. தட்டு சுழலும்போது கோடுகள் ஒளியை மறைத்து விடுவிக்க, மின்துடிப்புகள் பிறக்கின்றன. ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்புகள் என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரான். கணினி செய்வதெல்லாம் இந்தத் துடிப்புகளைக் கூட்டுவதும் கழிப்பதும்தான். எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பது அதற்கு அட்சரசுத்தமாகத் தெரியும். எங்கிருந்து நகரத் தொடங்கினோம் என்பதை வேறு யாராவது சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் அந்தக் கூட்டுத்தொகையும் போய்விடும்.

நள்ளிரவில் கரண்ட் போன வீட்டில் எழுந்தவர் முதலில் கையை நீட்டிச் சுவரைத் தேடுவார். சுவர் கைக்குப் பட்டுவிட்டால் அங்கிருந்து கதவுக்கு எத்தனை அடி என்பது அவருக்கு மனப்பாடம். இயந்திரமும் மின்சாரம் வந்ததும் அப்படி ஒரு சுவரைத் தேடிப் போகிறது. ஆங்கிலத்தில் ஹோமிங் எனப்படும் இதைப் பட்டறைகளில் ‘ரெஃபரன்ஸ் எடுக்கிறது’ அல்லது ‘ஹோம் போறது’ என்பார்கள். இதை முடிக்காமல் புரோகிராமை ஓட்டச் சொன்னால் இயந்திரத்தை இயக்கும் கணினிகளான கன்ட்ரோல்களில் பெரும்பாலானவை மறுத்துவிடும்.

தேடல் நடக்கும் விதம் அழகானது. ஒவ்வொரு அச்சின் ஒரு கோடியிலும் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும். மேசையோடு நகரும் ஓர் இரும்புக் கட்டை அதை அழுத்தும். அந்தக் கட்டையை ‘டாக்’ என்பார்கள். ஹோம் பொத்தானை அழுத்தியதும் மேசை வேகமாக அந்தத் திசையில் ஓடுகிறது. டாக் ஸ்விட்சைத் தொட்டதும் வேகம் சட்டென்று குறைந்து ஊர்ந்து செல்கிறது. டாக்கின் நீளம் கடந்து ஸ்விட்ச் மீண்டும் விடுபடுகிறது. இந்த இடத்தில் மேசை நின்றுவிடும் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். நிற்காது, இன்னும் கொஞ்சம் ஊர்ந்து போகும். என்கோடர் தட்டில் ஆயிரக்கணக்கான கோடுகளுக்கு அப்பால் தனியே ஒரு கோடு உண்டு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு முறை துடிப்பது அது, பெயர் மார்க்கர். ஸ்விட்ச் விடுபட்டபின் வரும் முதல் மார்க்கர் துடிப்பில்தான் இயந்திரம் நிற்கிறது. அந்த இடத்துக்கு இயந்திர பூஜ்யம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறது.

ஸ்விட்சிலேயே நிறுத்திவிட்டால் என்ன குறை? ஸ்விட்ச் ஒரு சாதாரணப் பொருள். அதன் மேல் கூலன்ட் தெறிக்கும், இரும்புச் சுருள் ஒட்டும், ஸ்பிரிங் தளரும். இன்று விடுபட்ட இடத்துக்கும் நாளை விடுபடும் இடத்துக்கும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபாடு இருக்கலாம். மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு அது மிக அதிகம். மார்க்கரோ துல்லியமானது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வருவதால் 800 மி.மீ. நகரும் அச்சில் எண்பது மார்க்கர்கள் இருக்கும். எண்பதில் எது என்று அதனால் சொல்ல முடியாது. ஆகவே வேலையைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: எந்தச் சுற்று என்பதைக் காட்டிக் கொடுப்பது ஸ்விட்ச், அந்தச் சுற்றுக்குள் எந்த இடம் என்பதைக் காட்டுவது மார்க்கர். மலிவான ஸ்விட்சின் தடுமாற்றம் இதனால் இறுதிக் கணக்கில் சேர்வதே இல்லை. இயந்திரக் கட்டுமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்விட்ச் விடுபடும் இடம் இரண்டு மார்க்கர்களுக்கு நடுவில் இருந்தால் கவலையில்லை. தற்செயலாக அது ஒரு மார்க்கருக்கு மிக அருகில் அமைந்துவிட்டால்? இன்று ஸ்விட்ச் ஒரு மயிரிழை முன்னால் விடுபடும். இந்த மார்க்கரைப் பிடிக்கும். நாளை ஒரு மயிரிழை பின்னால் விடுபடும். இந்த மார்க்கர் தப்பிவிட, அடுத்ததைப் பிடிக்கும். இரண்டு மார்க்கர்களுக்கு இடையே ஒரு முழுச் சுற்று. அதாவது இயந்திர பூஜ்யம் 10 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. இயந்திரம் எந்த அலாரமும் தராது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் துளைகள் எல்லாம் 10 மி.மீ. தள்ளி விழும். மறுநாள் ஹோம் எடுத்தால் தானே சரியாகியும் விடும். இப்படி வந்து வந்து போகும் கோளாறு பராமரிப்பு ஆட்களின் பொறுமையைச் சோதிப்பது. பிழை ஸ்குரூவின் ஒரு சுற்று அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் குற்றவாளியை உடனே அடையாளம் காணலாம். டாக்கை அரைச் சுற்று தூரம், இங்கே 5 மி.மீ., நகர்த்தி இறுக்கினால் தீர்ந்தது. ஸ்விட்ச் விடுபட்ட இடத்திலிருந்து மார்க்கர் எவ்வளவு தூரத்தில் கிடைத்தது என்று காட்டும் பக்கம் பல கன்ட்ரோல்களில் உண்டு. கோளாறு வரும் முன்பே அதை ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

எந்த அச்சு முதலில் ஹோம் போக வேண்டும் என்பதிலும் வரிசை இருக்கிறது. நிமிர்ந்த மில்லிங் இயந்திரத்தில் எப்போதும் இசட் முதலில். நேற்று வேலை பாதியில் நின்றிருந்தால் டூல் இன்னும் ஏதோ ஒரு குழிக்குள் இருக்கலாம். அதை மேலே தூக்காமல் மேசையை ஓட்டினால் டூலும் போகும், வெட்டப்படும் பாகமான ஜாபும் போகும். லேத்தில் இது மாறும். முதலில் எக்ஸ், டூல்களைத் தாங்கும் டரட் ஜாபை விட்டு விலக வேண்டும். அதன் பிறகே இசட். இன்னொரு பழக்கம்: ஹோமுக்கு மிக அருகில் அச்சு நிற்கிறது என்றால் அனுபவசாலிகள் முதலில் கையால் அதைச் சற்றுத் தூரம் பின்னால் நகர்த்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்கள். டாக் ஏற்கனவே ஸ்விட்சைக் கடந்து நின்றால் இயந்திரம் அதைக் காணாமல் எல்லைவரை ஓடி ஓவர்டிராவல் ஸ்விட்சில் முட்டிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் மென்பொருள் எல்லைகளும் துணைக்கு வராது. ‘இந்த எண்ணைத் தாண்டாதே’ என்னும் கட்டளைக்கு எண்ணின் தொடக்கம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஹோம் முடியும்வரை அந்த வேலி இல்லை.

இடத்தை அறியாமல் தூரத்தை மட்டும் எண்ணும் இந்தக் குணம் பிறவிக் குணம். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி சர்வோமெக்கானிசம் ஆய்வகம், சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்னும் மில்லிங் இயந்திரத்தைத் துளைநாடாவால் இயக்கிக் காட்டியது. எண்களால் இயந்திரத்தை ஓட்டும் யோசனைக்கு வித்திட்டவர் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் சுழலிதழ்கள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ். அந்த முதல் இயந்திரமும் துடிப்புகளை எண்ணித்தான் நகர்ந்தது. அதன்பின் வந்த பாடநூல்கள் இயந்திரங்களை இரண்டாகப் பிரித்தன: பூஜ்யம் ஓரிடத்தில் நிலையாக உள்ளவை, பூஜ்யத்தை ஆபரேட்டர் விரும்பிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளக் கூடியவை. இன்றைய சிஎன்சி இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒரு பூஜ்யம் இயந்திரம் செய்தவருடையது, மாறாதது. இன்னொன்று ஜாபைப் பிடிப்பவருடையது, ஜாபுக்கு ஜாப் மாறுவது.

இரண்டாவதற்குப் போகுமுன் பாட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் காலையில் ஹோம் எடுக்க வேண்டியதே இல்லை. அவற்றில் இருப்பது அப்சொல்யூட் என்கோடர். அதன் தட்டில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனி அடையாளம் பொறித்திருக்கும். சுழலாமலேயே எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று படித்துக்கொள்ளும். இத்தகைய தட்டுகள் பலவற்றுக்கு அடிப்படை, பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே பெயரால் வழங்கும் இரும எண்முறை. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே ஒரே ஒரு இலக்கம் மட்டும் மாறும் என்பது அதன் சிறப்பு. எல்லைக்கோட்டில் நிற்கும்போதும் பெரிய தவறாகப் படித்துவிட முடியாது. ஆனால் தட்டு ஒரு சுற்றுக்குள் மட்டுமே பேசும். எத்தனையாவது சுற்று என்பதை நினைவில் வைக்கப் பல இயந்திரங்களில் ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. இயந்திரம் அணைந்திருக்கும்போதும் அந்த நினைவை உயிரோடு காப்பது அதுதான்.

பாட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பொங்கல் விடுமுறை முடிந்து வருபவர்கள் சில பட்டறைகளில் பார்த்திருப்பார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் அலாரம். எல்லா அச்சுகளும் தங்கள் இடத்தை மறந்து நிற்கும். மீட்பதற்கு, இயந்திரத்தில் முன்பே கீறி வைத்த இரண்டு அடையாளக் கோடுகளைக் கண்ணால் நேர்ப்படுத்தி, இதுதான் பூஜ்யம் என்று கணினிக்கு மறுபடி சொல்ல வேண்டும். கண்ணால் நேர்ப்படுத்துவது மைக்ரான் வேலை அல்ல. டூல் மாற்றும் கை, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நாடிவரும் உயரமும் இந்தப் பூஜ்யத்தை நம்பியே அமைந்தது. இசட் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கை டூல் ஹோல்டரில் இடிக்கும். பாட்டரியை மாற்றும்போது பல மாடல்களில் இயந்திரம் ஆன் நிலையில் இருக்க வேண்டும். ஆயுத பூஜை சமயத்தில் இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனம் வைக்கும் பட்டறைகள், அதை அணைப்பதற்கு முன்பே பாட்டரியை மாற்றிவிட்டுப் பூஜையில் உட்காரலாம்.

இனி ஜாப். மேசையில் ஒரு வைஸ், வைஸில் ஓர் அலுமினியக் கட்டை. வரைபடத்தில் ‘இடது ஓரத்திலிருந்து 25, கீழ் ஓரத்திலிருந்து 40’ என்று ஒரு துளை. புரோகிராம் எழுதுபவர் எழுதுவதும் அதே 25, 40 தான். வைஸ் மேசையின் எந்த மூலையில் இருக்கும் என்று அவர் யோசிப்பதில்லை, யோசிக்கவும் கூடாது. ஜாபின் இடது-கீழ் மூலை, இயந்திர பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது செட்டரின் வேலை. அந்தத் தூரத்தைக் கன்ட்ரோலில் ஜி54 என்ற பக்கத்தில் பதிவார். ஜி54 முதல் ஜி59 வரை ஆறு இடங்கள் உண்டு. ஆறு வைஸ்களில் ஆறு ஜாப் பிடித்தாலும் ஒரே புரோகிராம் போதும்.

பழைய முறை வேறு. ஜி92 என்னும் கட்டளை, ‘நான் இப்போது நிற்கும் இடத்துக்கு இந்த எண்ணை வைத்துக்கொள்’ என்று சொல்லும். லேத்களில் அதே வேலையை ஜி50 செய்தது. டூல் சரியான இடத்தில் நின்றுகொண்டு அந்த வரியைப் படித்தால் எல்லாம் சரி. பாதியில் கரண்ட் போய், டூல் வேறெங்கோ நிற்கும்போது புரோகிராமை முதலிலிருந்து தொடங்கினால், அந்த வேறெங்கோதான் புதிய தொடக்கம். முழு ஜாபும் இடம்பெயர்ந்துவிடும். ஜி54 அப்படியல்ல, அது டூலின் இடத்தைக் கேட்பதே இல்லை. இயந்திர பூஜ்யத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் வைத்திருக்கிறது. மின்சாரம் போய்வந்தாலும் இயந்திரம் ஹோம் எடுத்து அதே மார்க்கரில் நின்றுவிட்டால், ஜாபின் பூஜ்யம் தானாக அதே இடத்தில் வந்து உட்காரும். 2012 வாக்கில் தமிழகத்தில் நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் வேலையை விட்ட இடத்தில் பிடிக்க முடிந்ததென்றால், இரண்டு பூஜ்யங்களும் இப்படிச் சங்கிலியாகக் கோத்திருந்ததே காரணம். மாறாத பூஜ்யம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். அதில் யாரும் ஜாப் செய்வதில்லை. அது ஏதோ ஒரு மூலையில், டூல் போய் வெட்டவே போகாத இடத்தில் இருக்கிறது. ஆனாலும் மற்ற எல்லா எண்களும் அதில்தான் தொங்குகின்றன.

மூலையைக் கண்டுபிடிப்பது எப்படி? பரவலான கருவி எட்ஜ் ஃபைண்டர். இரண்டு துண்டுகளாக உள்ள உருளை, நடுவில் ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். கீழ்த்துண்டின் விட்டம் 10 மி.மீ. ஸ்பிண்டிலில் மாட்டி நிமிடத்துக்கு அறுநூறு சுற்றுகள் அளவில் சுழலவிட்டால் கீழ்த்துண்டு தள்ளாடும். ஹேண்ட்வீலைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஜாபின் ஓரத்தை நெருங்க நெருங்கத் தள்ளாட்டம் அடங்கும். ஒரு கணம் மேல்துண்டோடு ஒரே கோட்டில் அசையாமல் சுழல்வதுபோல் தெரியும். அதற்குமேல் இம்மி நகர்ந்தாலும் ‘சரக்’கென்று பக்கவாட்டில் எகிறும். எகிறிய இடத்தில் திரையைப் படிக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு நம்பலாம். ஓரத்தில் பிசிறு இருந்தால் தொட்டது ஓரத்தை அல்ல, பிசிறை. அரம் போட்டு எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இப்போது கணக்கு. இடது ஓரத்தைத் தொட்டபோது எக்ஸ் இயந்திர அளவு -417.350 என்று காட்டுகிறது. ஹோம் பொதுவாக வலக்கோடியில் இருப்பதால் மேசைமேல் எல்லா இடமும் கழித்தல் எண்களாகவே வரும். இந்த எண் ஸ்பிண்டில் மையத்தின் இடம். ஓரம் அதற்கு வலப்பக்கம் 5 மி.மீ. தள்ளி, எட்ஜ் ஃபைண்டரின் ஆரத்தின் தூரத்தில் இருக்கிறது. ஆக ஓரம் -412.350. இதுதான் ஜி54-இன் எக்ஸ். அவசரத்தில் கூட்டுவதற்குப் பதில் கழித்தால் -422.350 என்று வரும். ஜாப் சரியாக 10 மி.மீ. தள்ளிப்போகும். ஸ்குரூவின் ஒரு சுற்றும் 10, எட்ஜ் ஃபைண்டரின் விட்டமும் 10 என்றிருக்கும் பட்டறையில் 10 மி.மீ. பிழை வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா செட்டரைக் கூப்பிடுவதா என்று ஒரு வாக்குவாதம் நடக்கும். செட்டரின் கணக்கை முதலில் சரிபார்ப்பது செலவில்லாத வழி.

குறியில் தடுமாற இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை இயந்திரத்தில் எக்ஸ் திசையில் டூல் நகர்வதில்லை, மேசைதான் நகர்கிறது. ஆனால் உலகெங்கும் உள்ள வழக்கம், ஜாப் நிலையாக இருக்க டூல் நகர்வதாகவே பாவித்து எண்ணுவது. எனவே எக்ஸ் கூடும்போது மேசை இடப்பக்கம் போகும். புதிதாக வந்த பயிற்சியாளர் மேசையைப் பார்த்துக் குழம்புவார். ஸ்பிண்டிலை மட்டும் பார்க்கச் சொன்னால் தெளிந்துவிடுவார்.

பணம் உள்ள பட்டறைகளில் எட்ஜ் ஃபைண்டருக்குப் பதில், தொட்டு அளக்கும் ஊசியான ப்ரோப் இருக்கும். அது பிறந்த கதை இது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸில் வேலைபார்த்த டேவிட் மெக்மர்ட்ரிக்கு ஒரு சிக்கல் வந்தது. கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் இன்ஜினுக்கான மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டும். அளக்கும் கம்பி கெட்டியாக இருந்ததால் குழாயையே அழுத்தி வளைத்தது. அவர் செய்த தீர்வு எளிமையானது. அளக்கும் ஊசியின் மேல்முனையில் மூன்று கால்கள். ஒவ்வொரு காலும் இரண்டு குண்டுகளுக்கு இடையில் உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங் மேலிருந்து மெல்ல அழுத்தும். மூன்று கால்கள், ஆறு தொடுபுள்ளிகள்: ஒரு பொருள் அசைய வழியில்லாமல் ஒரே ஒரு நிலையில் உட்கார அதுவே போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தொடுபுள்ளிகள் வழியே சிறு மின்னோட்டம் ஓடுகிறது. ஊசி எதையாவது தொட்டு இம்மியளவு சாய்ந்தாலும் மின்தடை மாறும். அந்தக் கணத்தில் என்கோடரின் எண்ணிக்கையைக் கணினி பிடித்துக்கொள்ளும். விலகினால் ஊசி மைக்ரான் அளவுக்குள் பழைய நிலைக்கே திரும்பி உட்காரும். 1973-ல் அவரும் ஜான் டீரும் தொடங்கிய ரெனிஷா நிறுவனம் இதை உலகப் பொருளாக்கியது. ஊசியும் ஒவ்வொரு முறை தொட்டபின் தன் ஹோமுக்குத் திரும்புகிறது. அதற்கு ஸ்விட்சும் வேண்டாம், மார்க்கரும் வேண்டாம், வடிவமே போதும்.

இசட் பூஜ்யம் தனிக்கதை, ஏனென்றால் ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு நீளம். இருபது டூல் இருந்தால் இருபது நீளங்களையும் கன்ட்ரோலில் பதிய வேண்டும். ஒரு வழி, ஜாபின் மேற்பரப்பில் 10 மி.மீ. விட்டமுள்ள ஒரு பின்னை உருட்டிக்கொண்டே டூலை மேலே தூக்குவது. பின் டூலுக்கு அடியில் முதல்முறை நுழைந்து போகும் உயரம்தான் அளவு. பின்னை வைத்துவிட்டு டூலை இறக்கக் கூடாது; கார்பைட் முனை அந்த அழுத்தத்தில் சில்லு பெயரும். சிகரெட் தாளோ பில் தாளோ வைத்து உரசிப் பார்க்கும் முறையும் இன்னும் இருக்கிறது. தாளின் கனம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. அதைக் கழிக்க மறப்பவர்களே அதிகம்.

டூல் ஜாபில் இடித்த கதைகளைக் கேட்டால் பாதிக்கு மேல் இசட்டில்தான் முடியும். அவற்றில் ஒன்று இரண்டு பூஜ்யங்களையும் குழப்பிக்கொள்வதால் வருவது. டூலை ஹோமுக்கு அனுப்பும் கட்டளை ஜி28. ‘ஜி28 இசட்0’ என்று எழுதினால், ‘இசட் பூஜ்யத்துக்குப் போ’ என்று படிப்பதே இயல்பு. அதன் உண்மைப் பொருள் வேறு: அந்த இசட்0 போய்ச்சேரும் இடம் அல்ல, வழியில் தொட்டுச் செல்ல வேண்டிய இடம். அதுவும் இயந்திரத்தின் பூஜ்யம் அல்ல, ஜாபின் பூஜ்யம். ஆகவே டூல் முழு வேகத்தில் ஜாபின் மேற்பரப்புக்கு இறங்கி, அதைத் தொட்டபிறகே மேலே ஹோமுக்குப் போகும். வழியில் ஒரு கிளாம்ப் இருந்தால் அவ்வளவுதான். முன்னால் ஜி91 சேர்த்து, ‘நிற்கும் இடத்திலிருந்து பூஜ்ய தூரம்’ என்று ஆக்கிவிட்டால் இறக்கம் இல்லாமல் நேரே மேலே போகும். இயந்திர அளவிலேயே பேசும் ஜி53 கட்டளையைப் பயன்படுத்துவது அதைவிடத் தெளிவு. ஒரே 0 என்ற எழுத்துக்கு எந்தக் கணக்கில் பூஜ்யம் என்று கேட்கப் பழகாதவரை இந்த விபத்து தீராது.

லேத்தில் எக்ஸ் பூஜ்யத்தைத் தேர்வுசெய்ய வேண்டியதில்லை. அது ஸ்பிண்டிலின் மையக்கோடு, இயற்கையே கொடுத்தது. ஆனால் மையக்கோட்டைத் தொட முடியாது, அது வெற்றுக் கோடு. எனவே செட்டர் ஜாபில் லேசாக ஒரு வெட்டு வெட்டி, டூலை எக்ஸில் அசைக்காமல் இசட்டில் மட்டும் விலக்கி, மைக்ரோமீட்டரால் விட்டத்தை அளப்பார். 48.26 என்று வந்தால், ‘இந்த நிலையில் டூல் 48.26 விட்டத்தில் நிற்கிறது’ என்று கணினியிடம் சொல்வார். மையத்தை அது தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

மில்லிங்கில் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது செட்டரின் வசதிக்கு விட்ட விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வரைபடத்தில் அளவுகள் எந்த முகத்திலிருந்து தொடங்குகின்றனவோ அங்கேதான் பூஜ்யம் இருக்க வேண்டும். நடுத்துளையை ஆதாரமாகக் கொண்டு வரைந்த பாகத்துக்கு மூலையில் பூஜ்யம் வைத்தால், மூலைக்கும் துளைக்கும் இடையிலுள்ள பிழை எல்லா அளவிலும் ஏறும். வார்ப்பிலிருந்து வந்த கரடுமுரடான முகத்தில் பூஜ்யம் எடுத்தால் ஒவ்வொரு வார்ப்புக்கும் அது வேறு. அந்த முகத்தை முதல் வெட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, வெட்டிய முகத்துக்குப் பூஜ்யத்தை மாற்றிக்கொள்வதே முறை. கோவையின் பம்ப் வார்ப்புகளைப் பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் மரம் செதுக்கச் சிறு ரவுட்டர் கட்டும் இளைஞர்களும் இதே பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்களுடைய ஸ்டெப்பர் மோட்டாரில் பெரும்பாலும் என்கோடர் இல்லை. ஒரு சுற்றுக்கு 200 படிகள். கணினி படிகளை ஏவுகிறது, மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. கத்தி மரக்கணுவில் சிக்கி நாலு படி தவறினால், அதற்குப்பின் எல்லாமே தவறு. அவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் ஹோமிங்கை இயக்கிவைத்தால், ஹோம் எடுக்கும்வரை இயந்திரம் பூட்டிக்கிடக்கும். ஜி54 எண்கள் நிலைத்த நினைவகத்தில் இருப்பதால் இழந்த பூஜ்யத்தை மீட்கலாம். சிலர் அந்தப் பூட்டைத் தொல்லை என்று அணைத்துவிடுகிறார்கள்; பாதி செதுக்கிய தேக்குப் பலகை வீணான பிறகு மறுபடி இயக்குகிறார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பூஜ்யம் நகரும். காரணம் வெப்பம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். பால் ஸ்குரூ காலை முழுக்க ஓடி 8 டிகிரி சூடானால், மோட்டார் பக்கத் தாங்கியிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருக்கும் ஜாப் 58 மைக்ரான் அளவுக்கு இடம்பெயர்ந்திருக்கும். துளையின் இடத்துக்கு வரைபடம் அனுமதிப்பது 20 மைக்ரான் என்றால் அது நிராகரிப்புப் பெட்டிக்குத்தான் போகும். மறுபடி ஹோம் எடுத்தால் தீருமா? தீராது. என்கோடர் எண்ணுவது சுற்றுகளை. தண்டு நீண்டதை அது பார்ப்பதில்லை. அதே மார்க்கரில் நின்று அதே எண்ணைக் காட்டும்.

இதற்காகத்தான் விலை கூடிய இயந்திரங்களில் மேசையின் ஓரமாகவே ஒரு நீண்ட கண்ணாடி அளவுகோலைப் பொருத்துகிறார்கள். ஜெர்மனியின் ஹைடன்ஹைன் நிறுவனம் இதில் பேர்போனது. தண்டு என்ன ஆனாலும் மேசை எங்கே என்று அது நேரே சொல்லும். அதன் சில வகைகளில் மார்க்கர்கள் வேண்டுமென்றே சமமற்ற இடைவெளிகளில் பொறித்திருக்கும். அடுத்தடுத்த இரண்டைக் கடந்தால் போதும், இடைவெளியை வைத்தே எந்த இடம் என்று கணினி அறிந்துகொள்ளும். ஹோமைத் தேடி ஒரு கோடிவரை ஓட வேண்டியதில்லை.

அளவுகோல் இல்லாதவர்கள் வேறு வழிகளைக் கைக்கொள்கிறார்கள். காலையில் ஜாப் இல்லாமலே கால்மணி, அரைமணி நேரம் அச்சுகளை முன்னும் பின்னும் ஓட்டிச் சூடேற்றுகிறார்கள். ப்ரோப் உள்ள பட்டறையில் சில ஜாபுக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி தொட்டு ஜி54-ஐப் புரோகிராமே திருத்திக்கொள்ளும்படி எழுதிவைக்கிறார்கள், காலையில் -412.350 என்று இருந்த எக்ஸ், சாப்பாட்டு நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் தள்ளிப் போயிருப்பதை அந்தப் பக்கத்திலேயே காணலாம். ப்ரோப்பும் இல்லாத இடத்தில், இடைவேளை முடிந்து வந்ததும் முதல் ஜாபை மட்டும் ஓட்டி, இறக்கி, துடைத்து, ஆறவைத்து அளந்து பார்த்த பிறகே இரண்டாவதை வைஸில் பிடிக்கிறார்கள்.